கங்காணி அறைவது, சைக்கிளிலிருந்து இழுப்பது, கம்புச் சண்டை: பாலாய் ராயா மேடையில் எப்படி அமைப்பது?

பெர்ஜுந்தை நாடகக் குழு:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பழைய பெயரில் சொன்னால் பத்தாங் பெர்ஜுந்தையில், 1941இல் கிள்ளான் ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் செய்த வேலைநிறுத்தத்தைப் பற்றி ஒன்றரை மணி நேர நாடகம் போடுகிறோம். நடிப்பவர்கள் எல்லாரும் வேலை முடிந்து மாலையில் வருகிறவர்கள். சண்டை அமைக்கத் தெரிந்தவர் குழுவில் இல்லை.

மூன்று இடத்தில் அடிதடி வருகிறது. வெள்ளைக்காரத் துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது வேலைநிறுத்தக் கோரிக்கைகளில் ஒன்று. அதை வைத்து முதல் காட்சி: இறங்காமல் போகிற இளைஞனைக் கங்காணி இழுத்துக் கன்னத்தில் அறைகிறார். இரண்டாவதில், தொழிலாளர் குடியிருப்பான லயத்து வீட்டு வாசலில் ஒரு பெண்ணை முடியைப் பிடித்து இழுத்து வருகிறார்கள். மூன்றாவது, மூன்று பேருக்கு மூன்று பேர் கம்புச் சண்டை. அது முடியும்போது சிப்பாய்கள் சுடுகிறார்கள்.

நாடகம் நடப்பது பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொதுமண்டபத்தில். மேடை 24 அடி அகலம், 14 அடி ஆழம், சிமெண்டுத் தரை. தலைக்கு மேல் இரண்டு காற்றாடி, மேடைத் தரையிலிருந்து ஒன்பது அடி இருக்கும். ஜனங்கள் முன்னாலும் இரண்டு பக்கமும் உட்காருவார்கள். கூரை ஜிங்க். ஒத்திகைக்கு எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை கிடைக்கும். எங்கிருந்து தொடங்குவது?

திரைக்குப் பின்:

காற்றாடியிலிருந்து தொடங்குங்கள். ஐந்தரை அடி ஆள் கையைத் தூக்கினால் ஏழடி. அந்தக் கையில் ஐந்தரை அடிக் கம்பு இருந்தால் அதன் நுனி பதினோரு அடியைத் தொடும். உங்கள் காற்றாடி ஒன்பதில் இருக்கிறது. இறக்கை தட்டிக் கம்பு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்புக் காட்சியின்போது காற்றாடியை நிறுத்தினால் மட்டும் பத்தாது. நின்ற இறக்கையில் பட்டாலும் கம்பு திரும்பி ஆளை அடிக்கும். கழற்ற முடியுமா என்று பாலாய் பொறுப்பாளரிடம் கேளுங்கள். முடியாது என்றால் தலைக்கு மேல் கம்பு போகிற எந்த அசைவும் நாடகத்தில் இருக்கக் கூடாது.

அடுத்தது அறை. உண்மையில் தொட்டு அறைவதை முதலிலேயே விலக்குங்கள். உள்ளங்கை லேசாகக் குவிந்து காதில் பட்டால் செவிப்பறை கிழியும், அதற்குப் பெரிய பலம் தேவையில்லை. மேடையில் உணர்ச்சியேறிய நடிகர் ஒத்திகையில் அடித்த அதே அளவில் அடிப்பார் என்று நம்பவும் வழியில்லை.

தொடாமல் அறைவதற்கு மூன்று விஷயம் சேர வேண்டும்: தூரம், மறைப்பு, சத்தம்.

தூரம்: கங்காணி கையை முழுக்க நீட்டி, அறையும்போது எவ்வளவு முன்னே சாய்வாரோ அவ்வளவு சாய்ந்து நிற்கட்டும். அந்த நிலையில் விரல் நுனிக்கும் இளைஞன் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண் இருக்க வேண்டும். நிமிர்ந்து நின்று அளந்துவிட்டு ஆடும்போது சாய்கிறார்கள், அந்த ஒரு சாணும் அங்கேதான் காணாமல் போகிறது.

மறைப்பு: கங்காணி முதுகை முன்வரிசைக்குக் காட்டி நிற்பார், இளைஞன் அவருக்கு எதிரே, மேடையின் உள்பக்கமாக. கை முகத்துக்கு முன்னால் காற்றில் போகும். முன்னால் இருப்பவர்களுக்கு நடுவில் உள்ள இடைவெளி தெரியாது. பக்கவாட்டில் இருப்பவர்களுக்கு அப்பட்டமாகத் தெரியும், உங்கள் பாலாயில் அதுதான் சிக்கல். கதையே அதற்கு வழி தருகிறது. வேடிக்கை பார்க்கும் தொழிலாளர்கள் நாலைந்து பேரை இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். ரப்பர்ப் பால்வாளியோடு நிற்கும் ஒரு கூட்டம் அந்தக் கோணத்தை அடைத்துவிடும். ஒத்திகையில் ஒருவர் ஒவ்வொரு மூலை நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும். மேடையில் நிற்பவர்களுக்கு அது தெரியாது.

சத்தம்: இளைஞன் தன் இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் வைத்து ஒரு தட்டு தட்டுவார். கங்காணியின் உடம்பு அதை மறைக்கும். கை முகத்தின் நடுக்கோட்டைக் கடக்கும் அதே கணத்தில் சத்தம் வர வேண்டும். தட்டிய கைகளில் ஒன்று உடனே கன்னத்துக்குப் போகும். தலை, கை போன திசையிலேயே திரும்பும். புதிதாகப் பழகுகிறவர்களில் பாதிப் பேர் தலையை எதிர்ப்பக்கம் திருப்புவார்கள், பத்து தடவை மெதுவாகச் செய்தால்தான் அது போகும்.

எல்லா அடிக்கும் ஒரே வரிசை. இருவரும் கண்ணைப் பார்ப்பார்கள். அடிப்பவர் கையை ஓங்கி நிறுத்துவார். அடிபடுபவர் தயார் என்று உடம்பால் காட்டுவார், லேசாக மூச்சை இழுப்பது போதும். அதற்குப் பிறகுதான் கை வரும். அடிபடுபவர் தயாராகாவிட்டால் அடி வராது. பார்ப்பவர்களுக்கு அடிப்பவர் நடத்துவதாகத் தெரியும். மேடையில் நடத்துவது அடிபடுபவர். இந்த ஒன்றை நடிகர்கள் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் பழக்கம்தான்.

சைக்கிளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். 24 அடி மேடையில் ஓட்டி வருவது வேண்டாம். இடது காலை மிதிப்படியில் வைத்து வலது காலால் தரையைத் தள்ளி உள்ளே வந்தால், ஓட்டி வந்து வேகம் குறைந்தது மாதிரியே இருக்கும், நடை வேகத்தைத் தாண்டாது. ஆனால் இழுப்பதற்கு அவர் சைக்கிள் மேல் இருக்க வேண்டும் என்றால், பழைய ஆண்கள் சைக்கிளின் குறுக்குக் கம்பி கால் எடுக்கத் தடையாகும். அப்போது நடக்க வேண்டியது இதுதான். இளைஞன் பிரேக்கைப் பிடித்து இடது காலை ஊன்றி நிற்கிறார். கங்காணி முதலில் கைப்பிடியின் நடுவை ஒரு கையால் பிடிக்கிறார். மிரட்டல் மாதிரி தெரியும், உண்மையில் சைக்கிளை அசையாமல் வைப்பதற்குத்தான். இன்னொரு கை சட்டைக் காலரைப் பிடிக்கிறது. பிடிக்கிறது மட்டும்தான், இழுப்பதில்லை. இளைஞன் தானே வலது காலைப் பின்பக்கமாகச் சுழற்றி எடுத்து, தடுமாறுவது போல் இரண்டடி போகிறார். கங்காணியின் கை கூடவே போகிறது.

கைலி கட்டியிருந்தால் சீட்டில் மாட்டும். அரைக்கால் சிலுவார் (கால்சட்டை) போடுங்கள், அந்தக் காலத்துக்கும் பொருந்தும். சீட்டை முழுக்க இறக்கிவிடுங்கள். கைப்பிடி முனையில் ரப்பர் உறை இல்லாமல் வெறும் குழாய் தெரிந்தால் அந்தச் சைக்கிள் மேடைக்கு வேண்டாம். விழும்போது குழாய் வயிற்றில் குத்தினால் உள்ளுறுப்பே காயப்படும். சைக்கிளைத் தரையில் போடாதீர்கள். பக்கத்தில் நிற்கும் ஒரு தொழிலாளி பிடித்து, அறை விழுவதற்கு முன்னால் உள்ளே கொண்டுபோக வேண்டும். கிடக்கிற சைக்கிளின் மிதிப்படியில் அடுத்து வருகிறவர் தடுக்கி விழுவார்.

லயத்துக்காரி:

முடியைப் பிடிக்கும் காட்சிக்கு நான் சொல்கிறேன். பார்க்க எல்லாவற்றிலும் கொடுமையாக இருக்கும், முறை தெரிந்தால் எல்லாவற்றிலும் பத்திரமானதும் இதுதான்.

ஆண் விரித்த கையைத் தலையின் உச்சிக்கு நேராகக் கொண்டுவந்து, முடிக்கு வெளியே முஷ்டியை மூடுகிறார். முஷ்டிக்குள் ஒரு முடிகூட இருக்கக் கூடாது. மூடிய முஷ்டியைத் தலைமேல் வைக்கிறார். அந்தப் பெண் உடனே இரண்டு கையாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் தலையோடு அழுத்திக்கொள்கிறார். வலியில் பிடித்தது போல் தெரியும். இனி அவர் கை எங்கே போக வேண்டும் என்பது இந்தப் பெண்ணின் கையில். அவர் முழங்கையை மடக்கித் தளர்வாக வைத்து, இவர் போகிற பக்கம் போவார். முதல் அடி எப்போதும் இவருடையது.

தரையில் உட்கார்ந்து இழுபடுவது வேண்டும் என்றால் குதிகாலால் தள்ளித் தானே நகர வேண்டும். சிமெண்டில் ஆறு எட்டு அடிக்கு மேல் வேண்டாம், தோல் உரியும். சேலையைக் கண்டாங்கி மாதிரி கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஏற்றிக் கட்டி, முந்தானையை ஊசி இல்லாமல் இடுப்பில் செருகுங்கள். உள்ளே முழங்காலுக்குக் கீழே வரும் இறுக்கமான சிலுவாரும் முழங்கால் உறையும். கொண்டை ஊசி, தோடு, மூக்குத்தி, கண்ணாடி வளையல் எல்லாம் கழற்ற வேண்டும். காலத்துக்கு வளையல் தேவை என்றால் பிளாஸ்டிக் போடுங்கள். தலையில் பூவும் வேண்டாம். சிமெண்டில் உதிர்ந்த மல்லிகை வழுக்கும்.

கழுத்தைப் பிடிக்கும் அசைவு எதையாவது யாராவது சேர்க்க நினைத்தால் விரல் குரல்வளைப் பக்கமே போகக் கூடாது. உள்ளங்கை காறை எலும்பின் மேல் படிய வேண்டும், அழுத்தம் சுத்தமாகக் கூடாது.

விழுவதற்கு ஒரே விதி: எலும்பில் விழாதீர்கள், சதையில் விழுங்கள். ஒரு காலைப் பின்னால் வைத்து முழங்காலை மடக்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கம், தொடை, பிட்டம், பிறகு முதுகின் ஒரு பக்கம் என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்கும். மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்கும். கையை ஊன்றித் தடுக்க நினைப்பதுதான் எல்லாருக்கும் முதலில் வரும், மணிக்கட்டு உடைவதும் அதனால்தான். பழகுவதற்கு மெத்தை விரியுங்கள். ஆனால் மெத்தை இல்லாமல் விழ முடியாத விழுகையை நாடகத்தில் வைக்காதீர்கள்.

சத்தத்தைப் பற்றி இன்னொன்று. ஜிங்க் கூரையில் மழை பிடித்தால் கைத்தட்டு முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. மேடை ஓரத்தில் உறுமி மேளக்காரர் ஒருவரை உட்காரவைத்து அடியின் சத்தத்தை அவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் அவர் அடிப்பவரின் கையைப் பார்த்து வாசித்தால் எப்போதும் ஒரு இமைப்பொழுது பிந்தும். அடிபடுபவரின் தலை அசைவதைப் பார்த்து வாசிக்க வேண்டும். எல்லா ஒத்திகைக்கும் அவர் வர வேண்டும், கடைசி வாரம் வந்து சேர்ந்தால் ஒட்டாது.

பெர்ஜுந்தை நாடகக் குழு:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் நன்றி. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. கம்புச் சண்டைக்கு ஒரு சிலம்ப ஆசான் வருகிறார், அவருடைய மாணவர்கள் நாலு பேரும் நடிக்கிறார்கள். சிலம்பம் தெரிந்தவர்களுக்குத் தனியாகச் சண்டை அமைக்க வேண்டுமா? அவர்கள் வேகத்திலேயே ஆடட்டும் என்று விட்டுவிடலாமா?

கம்பும் கணக்கும்:

விடக் கூடாது தம்பி. சிலம்பம் தெரிந்தவர் கையில் கம்பு அழகாக இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய பயிற்சி முழுவதும் எதிராளி எதிர்பார்க்காத இடத்தில் அடியை இறக்குவதற்கு. மேடைக்கு வேண்டியது நேர் எதிரானது, எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்த இடத்தில், அவர் தயாரான பிறகு, படாமல் போவது. ஆசான் இதை ஏற்றுக்கொண்டு மாணவர்களிடம் அவரே சொன்னால் வேலை பாதி முடிந்தது. மரியாதையோடு முதல் நாளே பேசிவிடுங்கள். அமெரிக்காவின் மேடைச் சண்டை அமைப்பாளர் சங்கம் 1977இல் தொடங்கியது. அது தேர்வு வைக்கிற எட்டுப் பிரிவுகளில் நீளக் கம்பும் ஒன்று, அதில் பத்திரத்தோடு நடிப்பையும் பார்த்துத்தான் தேர்ச்சி தருகிறார்கள். வீச்சுத் திறமை மட்டும் இருந்தால் அங்கே போதாது.

இடக் கணக்கு முதலில். ஐந்தரை அடிக் கம்பைக் கால்வாசியில் பிடித்தால் கைக்கு வெளியே நாலடி நிற்கும். கை நீளம் இரண்டடி சேர்த்தால் ஒருவரைச் சுற்றி ஆறடி ஆரம். உங்கள் மேடையின் ஆழமே 14 அடி. ஆறு பேர் ஒரே நேரத்தில் வீச இடமே இல்லை. அதனால் ஒரு நேரத்தில் ஒரு ஜோடி மட்டும் வீசட்டும். மற்ற இரண்டு ஜோடியும் கம்போடு கம்பு பூட்டி, நெஞ்சுக்கு நெஞ்சு தள்ளிக்கொண்டு ஓரமாக நிற்கட்டும். பார்ப்பவர்களின் கண் வீச்சு இருக்கிற பக்கம்தான் போகும். எட்டுக் கணக்குக்கு ஒருமுறை ஜோடி மாறினால் மேடை முழுக்கச் சண்டை என்ற எண்ணம் வந்துவிடும். மேடை விளிம்பிலிருந்து நாலடிக்குள் யாரும் வீசக் கூடாது. கை நழுவினால் கம்பு போகிற இடம் முன்வரிசைக் குழந்தைகள். வீச்சின் திசையும் முன்வரிசைப் பக்கம் முடியாமல் குறுக்காகவோ பின்சுவர்ப் பக்கமோ முடிய வேண்டும்.

கம்பை நாலரை அடியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. பால்வாளி தூக்கும் தோள்கம்பை எடுத்துச் சண்டை போடுகிறார்கள் என்று காட்டினால் குட்டைக் கம்புக்குக் காரணமும் கிடைக்கிறது. பிரம்புதான் வேண்டும். மூங்கில் நீளவாக்கில் பிளந்து கத்தி மாதிரி விளிம்பு விடும். பிரம்பு உடையும்போது நாராகப் பிரியும், துண்டாகப் பறக்காது. ஒவ்வொரு ஒத்திகைக்கு முன்னும் ஒரு பழைய துணியால் கம்பை முழுக்க உருவுங்கள், துணி மாட்டுகிற இடத்தில் விரிசல் இருக்கிறது. ரொம்பக் காய்ந்த பிரம்பு சீக்கிரம் போய்விடும், வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து வையுங்கள். நம் ஊர் வேர்வைக்கு வெறும் பிரம்பு கையில் நிற்காது. பிடிக்கிற இடத்தில் பேட்மிண்டன் மட்டைக்குச் சுற்றும் நாடாவைச் சுற்றுங்கள்.

அசைவுகளை ஐந்து குறியாகச் சுருக்கலாம்: வலத் தோள், இடத் தோள், வலத் தொடை, இடத் தொடை, கால். தலையை விட்டுவிடுங்கள். தோளுக்கு வருகிற வீச்சு உடம்புக்கு ஒரு சாண் வெளியே நிற்கும். தடுப்பவர் தன் கம்பை அங்கே கொண்டுபோய் வைத்த பிறகுதான் வீச்சு வந்து சேரும். குனிவதும் குதிப்பதும் அதே போல. குனிபவர் முதலில் குனிந்துவிடுவார், பிறகு கம்பு மேலே போகும். குதிப்பவர் தரையை விட்ட பிறகுதான் கம்பு கீழே வரும். வேகம் கூடினால் இந்த வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் வரிசை மட்டும் மாறக் கூடாது.

அசைவுக்கு எண் கொடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். முதல் இரண்டு வாரம் கால் வேகம். அடுத்த மூன்று வாரம் அரை வேகம். அதற்கு மேல் முக்கால். முழு வேகம் எந்த நாளும் கிடையாது, நாடகத்தன்றும் முக்கால்தான். முழு வேகத்தில் ஆடினால் ஆபத்து ஒருபுறம், யார் யாரை அடித்தார் என்றே ஜனங்களுக்குப் புரியாது. மொத்தச் சண்டை நாற்பது விநாடிக்கு மேல் வேண்டாம். நாற்பது விநாடியில் ஒரு ஜோடிக்கு ஏழு எட்டு அசைவு வரும், வாரம் இரண்டு மாலை ஒத்திகையில் அதைத்தான் உடம்பு நினைவில் வைக்கும். சிலம்ப மாணவர் நாலு பேரையும் ஒரே பக்கம் போடாதீர்கள். ஜோடிக்கு ஒருவராவது தெரிந்தவராக இருந்தால், மற்றவர் தடுமாறும்போது அவர் வீச்சை நிறுத்துவார்.

என் கருத்து ஒன்று. மூன்று பக்கமும் ஜனங்கள் இருக்கிற மேடையில் கம்புச் சண்டையை நிஜம் போல் காட்டப் பாடுபடுவதைவிட, கூத்தில் போர் காட்டுகிற மாதிரி தாளத்துக்கு அடவாக அமைப்பது பொருத்தமாக இருக்கும். அறையையும் முடி இழுப்பையும் நிஜமாக வைத்து, கூட்டச் சண்டையை மட்டும் ஆட்டமாக்கினால் நாடகம் கெடாது.

பொருளறை:

பாராங் (வெட்டுக்கத்தி) யாராவது கையில் எடுக்கிறார்களா என்று கேள்வியில் இல்லை, ஆனால் தோட்டக் கதை என்றாலே ஒருவர் கேட்பார். மொட்டையாக்கிய நிஜப் பாராங்கும் கூடாது. பாராங்குக்குக் கைக்காப்பு இல்லை. தட்டும்போது எதிராளியின் தகடு வழுக்கி நேராக விரலுக்கு வரும். பலகையில் செதுக்கி வெள்ளி நிறம் பூசி, ஓங்குவதற்கும் மிரட்டுவதற்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பால்வெட்டுக் கத்தியும் அப்படியே, அதன் முனை வளைவாக இருப்பதால் துணியில் மாட்டி இழுக்கும்.

பொருள்களைக் கொண்டுபோகும்போது கவனம். பொது இடத்தில் சட்டப்படியான காரணம் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டின் அபாயகர ஆயுதச் சட்டப்படி குற்றம். கம்பு, பலகைப் பாராங் எல்லாம் மூடிய பெட்டியில், நாடகத்தின் பெயரும் தேதியும் எழுதிய குழுவின் கடிதத்தோடு போகட்டும். சிப்பாய்களுக்குப் பொம்மைத் துப்பாக்கி வாங்கிவிடாதீர்கள். 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் தொடுகிறது. சுடுகிற காட்சிக்குத் துப்பாக்கியே தேவையில்லை. பின்னாலிருந்து விளக்கு அடித்து வெள்ளைத் துணியில் சிப்பாய்களின் நிழலைக் காட்டி, உறுமிக்காரர் ஒரே வீச்சில் தட்டினால் போதும். வாணவெடி வெடித்துச் சத்தம் காட்டலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ரத்தம் அறை காட்சிக்கு வேண்டாம். கடைசிக் காட்சிக்கு வேண்டும் என்றால் கேக் சாமான் கடையில் குளுக்கோஸ் சிரப் கிடைக்கும். 200 மில்லி சிரப்புக்கு நாலு மேசைக்கரண்டி தண்ணீர், சிவப்பு உணவுச் சாயம் இரண்டு தேக்கரண்டி, கோக்கோத் தூள் ஒரு தேக்கரண்டி, நீலச் சாயம் ஒரே சொட்டு. கோக்கோவும் நீலமும் இல்லாவிட்டால் மேடை விளக்கில் அது பண்டோங் பானத்துக்கு ஊற்றும் ரோஜா சிரப் நிறத்தில்தான் தெரியும். சட்டையில் மட்டும் படும் ரத்தத்தில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்தால் கறை சீக்கிரம் போகும், வாயில் வைக்கும் ரத்தத்தில் அதைக் கலக்கக் கூடாது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் பைக்கு பத்து மில்லி போதும். சிமெண்டில் சிந்தினால் எண்ணெய் மாதிரி வழுக்கும், எறும்பும் வரும். அதனால் ரத்தத்துக்குப் பிறகு யாரும் ஓடுகிற காட்சி இருக்கக் கூடாது. ஈரத் துணியோடு ஒருவர் ஓரத்தில் தயாராக நிற்க வேண்டும்.

திரைக்குப் பின்:

நாடகத்தன்று செய்ய வேண்டியதையும் சேர்த்துவிடுகிறேன். கதவு திறப்பதற்கு 45 நிமிடம் முன்னால், சண்டையில் வருகிற அத்தனை பேரும் மேடையில் இருக்க வேண்டும், மேடை உடையோடு, மேடையில் போடும் காலணியோடு, நாடக விளக்கு எரியும்போது. முதல் தடவை அரை வேகத்தில் வசனம் சொல்லிக்கொண்டு, இரண்டாவது தடவை மேடை வேகத்தில். மூன்று காட்சிக்கும் பதினைந்து நிமிடம் போதும். இரண்டு நாள் நாடகம் என்றால் இரண்டு நாளும். இரண்டாவது நாள் எல்லாம் தெரியும் என்று விடுபவர்களுக்குத்தான் அடி விழுகிறது.

சண்டையில் நடிக்காத ஒருவரைப் பொறுப்பாளராகப் போடுங்கள். அசைவுகளை எண்ணோடு ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். யாராவது தூரத்தைக் குறைத்தாலோ புதிதாக ஒரு அடி சேர்த்தாலோ அவர் சொல்வதுதான் முடிவு, இயக்குநர்கூட மாற்றக் கூடாது. ஒருவருக்குக் காய்ச்சல் அல்லது கை சுளுக்கு என்றால் கம்பு வீச்சை எடுத்துவிட்டு, பூட்டித் தள்ளுவதோடு முடிகிற ஒரு சின்ன வடிவத்தையும் முன்கூட்டியே பழகி வையுங்கள்.

நிறுத்தச் சொல்லுக்கு "நிறுத்து" வைக்காதீர்கள். வேலைநிறுத்த நாடகத்தில் அந்தச் சொல் வசனத்திலேயே நாலு இடத்தில் வரும், உண்மையில் யாருக்காவது அடிபட்டு அப்படிக் கத்தினால் மற்றவர்கள் நடிப்பு என்று தொடருவார்கள். நாடகத்தில் எங்கேயும் வராத ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள், "தேங்காய்" போதும். அதைக் கேட்டதும் ஆறு பேரும் கம்பைத் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். உறுமிக்காரருக்கும் விளக்குப் போடுபவருக்கும் அந்தச் சொல் தெரிந்திருக்க வேண்டும்.